கோடு ஏறுவது உண்மை, அதில் எடையின் பங்கு எவ்வளவு?

உங்கள் கேள்வியை முதலில் கொஞ்சம் பிரித்துக்கொள்கிறேன். ஒரு செய்திக் கட்டுரையில் "உடல் பருமன் சார்ந்த புற்றுநோய்கள்" என்ற தலைப்பில் தெற்காசியாவுக்கான வரைபடம் ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். 1990-இல் தொடங்கும் கோடு முப்பது ஆண்டுகளாக ஏறிக்கொண்டே போகிறது. "இந்தியாவில் புற்றுநோய் கூடுவதற்கு உடல் பருமன்தான் காரணமா? என் அம்மாவுக்கு 57 வயது, சர்க்கரை இருக்கிறது, எடையும் அதிகம், பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அந்த ஏற்றம் உண்மைதானா, உண்மையென்றால் அதில் பருமனுக்கு எவ்வளவு பங்கு, அதை வைத்து உங்கள் அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்ல முடியுமா. மூன்றுக்கும் விடை வேறு வேறு. செய்திகளில் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதால்தான் குழப்பம்.

நான் மருத்துவர் இல்லை. புற்றுநோய்ப் பதிவேட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கணக்குப் பார்த்தவன். என்ன பரிசோதனை, என்ன மருந்து என்பதற்கெல்லாம் நான் ஆள் இல்லை. இந்தக் கோடுகள் எப்படி வரையப்படுகின்றன என்பதை உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். முழுவதும் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக விடையை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்றம் பெரும்பாலும் உண்மை. ஆனால் இதுவரை ஏறியதில் பெரும்பகுதியைப் பருமனின் தலையில் கட்ட முடியாது. பருமன் செய்யப்போவது இனிமேல்தான் கணக்கில் முழுசாகத் தெரியும்.

அந்த வரைபடத்தில் ஒரே ஒரு நோயாளியின் எடைகூடக் கிடையாது. பதிவேட்டுப் படிவத்தில் வயது, பாலினம், முகவரி, எந்த உறுப்பில் நோய், திசுப் பரிசோதனையில் என்ன வகை, எந்தத் தேதியில் உறுதியானது, என்ன சிகிச்சை என்று வரிசையாக இருக்கும். உயரம், எடை பொதுவாக இருக்காது. சேர்த்தாலும் பெரிய பயன் இல்லை. நோய் கண்டுபிடிக்கப்படும் நேரத்தில் பலர் ஏற்கெனவே மெலிந்துபோயிருப்பார்கள், நமக்கு வேண்டியதோ பத்து, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய எடை. ஆகவே "பருமன் சார்ந்த" என்ற அடைமொழி நோயாளிக்கு ஒட்டப்பட்டது இல்லை, உறுப்புக்கு ஒட்டப்பட்டது. நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள அறுபது வயதுப் பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தால் அவரும் அந்தக் கோட்டில் ஒரு புள்ளிதான். புகையிலை சார்ந்த புற்றுநோய்கள் என்று வெளியாகும் கணக்குக்கும் இதே கதைதான், ஆனால் அங்கே புகையிலையின் கை ஓங்கியிருப்பதால் உறுப்பை வைத்துச் சொன்னாலும் அவ்வளவாகத் தவறாது. பருமன் விஷயத்தில் தவறும்.

பட்டியல் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிடலாம். உலக சுகாதார அமைப்பின் கீழ் பிரான்சின் லியான் நகரில் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2002-இல் இந்தக் கேள்வியை ஆராய்ந்தபோது ஐந்து புற்றுநோய்களுக்கு மட்டுமே போதுமான ஆதாரம் இருப்பதாகச் சொன்னது: பெருங்குடல், மாதவிடாய் நின்ற பின் வரும் மார்பகப் புற்றுநோய், கருப்பையின் உட்சுவர், சிறுநீரகம், உணவுக்குழாயில் வரும் அடினோகார்சினோமா என்ற ஒரு வகை. 2016-இல் மறுபடி உட்கார்ந்தபோது பட்டியல் பதின்மூன்றாக நீண்டது. இரைப்பையின் மேல்முனை, கல்லீரல், பித்தப்பை, கணையம், சினைப்பை, தைராய்டு, மூளையுறையில் வரும் மெனிஞ்சியோமா, மல்டிபிள் மைலோமா என்ற இரத்தப் புற்றுநோய் ஆகியவை சேர்ந்தன. பெருங்குடலோடு மலக்குடலும் எண்ணப்பட்டது. இந்தப் பதின்மூன்றில் பருமனுக்குக் கை இருக்கிறது என்பதில் இன்று துறைக்குள் பெரிய சர்ச்சை கிடையாது. மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்புத் திசுவிலேயே ஈஸ்ட்ரோஜன் உண்டாவது, இரத்தத்தில் இன்சுலின் கூடி நிற்பது, அடங்காமல் புகைந்துகொண்டே இருக்கும் அழற்சி என்று அது வேலை செய்யும் வழிகளும் ஓரளவு தெரியும்.

கை இருக்கிறது என்பது சரி. எவ்வளவு பெரிய கை என்பதில்தான் உறுப்புக்கு உறுப்பு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான ஒரு பெரிய கணக்கில், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. ஐந்து அலகு கூடினால் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயின் வாய்ப்பு 59 சதவீதம் கூடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்கு அதே ஐந்து அலகு 12 சதவீதம்தான் கூட்டுகிறது. பெருங்குடலில் ஆண்களுக்கு 24, பெண்களுக்கு 9. இப்போது அந்தப் பதின்மூன்றையும் கூட்டி ஒரே கோடாக வரைந்தால் என்ன ஆகும்? எண்ணிக்கையில் பெரியது எதுவோ அதுதான் கோட்டை இழுத்துக்கொண்டு போகும். இந்தியாவில் அது மார்பகம். 2022-க்கான உலகளாவிய மதிப்பீட்டில் இந்தியாவின் புதிய புற்றுநோய்கள் சுமார் 14 லட்சம், அதில் மார்பகம் மட்டும் சுமார் 1.92 லட்சம். பருமனோடு மிக நெருக்கமான கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் அதன் பக்கத்தில் நிற்கவே முடியாது. அதாவது நீங்கள் பார்த்தது பெயரளவில் பருமன் கோடு. அதை ஏற்றிக்கொண்டு போவது பெரும்பாலும் பருமனோடு மெல்லிய தொடர்பே உள்ள மார்பகப் புற்றுநோய்.

ஏற்றம் உண்மையா என்ற கேள்விக்கு வருகிறேன். 1990-இல் தொடங்கி, இடையில் ஓர் ஆண்டுகூட விடாமல், ஒரு முழுப் பிராந்தியத்துக்கே கோடு இருந்தால் அது நேரடியாக எண்ணிப் பார்த்து வரைந்ததாக இருக்க முடியாது. இருக்கிற தரவை வைத்து மீதியைக் கணித மாதிரியால் மதிப்பிட்டு நிரப்பியிருப்பார்கள். அதில் குற்றம் இல்லை, வேறு வழியும் இல்லை. ஆனால் தரவு எவ்வளவு என்று தெரிந்துகொள்வது நல்லது. இந்தியாவில் மும்பைப் பதிவேடுதான் மூத்தது, 1960-களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, 1982 முதல் சென்னை, பெங்களூர், மும்பை மூன்றிலும் ஒரே முறையில் எண்ணத் தொடங்கியது. சென்னைப் பதிவேடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இயங்குகிறது. கிராமப்புறத்துக்கு என்று முதல் பதிவேடு 1987-இல் மகாராஷ்டிராவின் பார்ஷியில் வந்தது. 2020-இல் வெளியான தேசிய அறிக்கையில் இருந்தவை 28 பதிவேடுகள். மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கைத்தான் அவை தொட்டன, அதிலும் நகரங்களே அதிகம். இறப்புக் கணக்கோ இன்னும் மோசம். பதிவாகும் இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளிப்பது ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குத்தான்.

பதிவேட்டு வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு வார்த்தை. மருத்துவமனைகள் தாமாகவே எல்லாவற்றையும் அனுப்பி வைக்கும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நடைமுறையில் எங்கள் ஆட்கள் வாரம் தவறாமல் மருத்துவமனை மருத்துவமனையாக, ஆய்வகம் ஆய்வகமாகப் போய்க் கேஸ் ஷீட்டைப் புரட்டி எழுதி வருவார்கள். மாநகராட்சியின் இறப்புப் பதிவையும் பார்த்துவிட்டு, அதில் புற்றுநோய் என்று எழுதப்பட்ட, எங்களிடம் இல்லாத பெயர்களைத் தேடிக்கொண்டு கிளம்புவார்கள். ஒரே ஆள் மூன்று மருத்துவமனைகளில் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் இருப்பார். அப்பா பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். அவரை ஒரே ஆளாக்குவதற்குள் எனக்கு அரை நாள் போயிருக்கிறது. இதைச் சொல்வதற்குக் காரணம், தேடல் மேம்பட்டாலே எண்ணிக்கை கூடும் என்பதைக் காட்டத்தான். ஒரு தனியார் மருத்துவமனை பல ஆண்டுகள் கழித்து எங்களுக்குக் கதவைத் திறந்த ஆண்டில் எங்கள் வரைபடத்தில் ஒரு படி ஏறியது. வெளியில் பார்ப்பவருக்கு அது நோய் ஏறியது போலத்தான் தெரிந்திருக்கும்.

அடுத்தது வயது. புற்றுநோய் பெரும்பாலும் முதுமையின் நோய். இந்திய மக்கள்தொகை 1981-இல் 68 கோடி, 2011-இல் 121 கோடி. ஆட்களும் கூடினார்கள், அறுபதைத் தாண்டுபவர்களும் கூடினார்கள். நோயாளிகளின் மொத்த எண்ணிக்கையைக் காட்டும் எந்தக் கோடும் இந்த இரண்டையும் விழுங்கிக்கொண்டுதான் ஏறும். அதனால்தான் வயது சரிசெய்த விகிதம் என்று ஒன்றைக் கணக்கிடுகிறோம். எல்லா ஊரையும் எல்லாக் காலத்தையும் ஒரே வயது அளவுகோலில் வைத்து, அப்படியிருந்தால் லட்சம் பேரில் எத்தனை பேருக்கு வரும் என்று பார்ப்பது. செய்தியில் வரும் வரைபடத்தின் ஓரத்தில் "எண்ணிக்கை" என்று போட்டிருக்கிறதா, "லட்சத்துக்கு" என்று போட்டிருக்கிறதா, "வயது சரிசெய்தது" என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எண்ணிக்கை என்றால் பாதிப் பயத்தை அங்கேயே இறக்கி வைத்துவிடலாம்.

சரி, வயதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஏற்றம் நிற்கிறதா? நிற்கிறது. சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவேடு தொடங்கிய 1982-இல் பெண்களின் புற்றுநோய்களில் முதலிடம் கருப்பை வாய்க்கு. மார்பகம் அதற்குப் பின்னால் வெகு தூரத்தில் இருந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் கருப்பை வாய்ப் புற்றுநோயின் விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது, மார்பகத்தின் விகிதம் ஏறிக்கொண்டே போய் அதைத் தாண்டியது. 2012 முதல் 2016 வரையிலான கணக்கில் சென்னையில் மார்பகப் புற்றுநோயின் வயது சரிசெய்த விகிதம் லட்சம் பெண்களுக்கு 42.2. கதவு திறந்ததால் கூடியது, ஸ்கேன் கூடியதால் கூடியது என்று மட்டும் சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. தேடல் மேம்பட்டது மட்டும்தான் காரணம் என்றால் கருப்பை வாயும் கூடவே ஏறியிருக்க வேண்டும். ஒரே ஆட்கள், ஒரே முறை, ஒன்று இறங்கி ஒன்று ஏறியிருக்கிறது. எங்கள் தரவிலேயே எனக்கு மிகவும் நம்பிக்கையான பகுதி இதுதான்.

மார்பகம் ஏறியதற்குப் பருமனை முதல் குற்றவாளியாக்க எனக்குத் தயக்கம் உண்டு. அந்த முப்பது ஆண்டுகளில் பெண்களின் வாழ்க்கையில் மாறியது எடை மட்டும் இல்லை. பூப்பெய்தும் வயது முன்னே வந்தது, முதல் பிரசவம் பின்னே போனது, ஐந்து பிள்ளை பெற்ற வீடுகளில் ஒன்று, இரண்டோடு நின்றார்கள், தாய்ப்பால் கொடுக்கும் மொத்த மாதங்களும் அதற்கேற்பக் குறைந்தன. முப்பது நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்து 2002-இல் வெளியான கணக்கில் ஒவ்வொரு பிரசவமும் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பை 7 சதவீதமும், தாய்ப்பால் கொடுத்த ஒவ்வொரு பன்னிரண்டு மாதமும் 4.3 சதவீதமும் குறைக்கிறது. உங்கள் பாட்டி தலைமுறையையும் உங்கள் தலைமுறையையும் இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள், பருமனின் 12 சதவீதத்தைவிட எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். இன்னொரு சிக்கலும் உண்டு. மாதவிடாய் நிற்பதற்கு முன் வரும் மார்பகப் புற்றுநோயில் பருமன் வாய்ப்பைக் கூட்டுவதில்லை, பல ஆய்வுகளில் சற்றுக் குறைக்கவே செய்கிறது. நம் நாட்டு நோயாளிகளில் ஐம்பதுக்குக் கீழே இருப்பவர்களின் பங்கு மேலை நாடுகளைவிட அதிகம். அந்தப் பகுதிக்குப் பருமன் சார்ந்தது என்ற பெயரே பொருந்தாது.

மற்ற உறுப்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் பட்டியல் இன்னும் நெளியும். உணவுக்குழாயில் நம் நாட்டில் வருவது பெரும்பாலும் ஸ்குவாமஸ் வகை. அது புகையிலை, பாக்கு, மதுவோடு சேர்ந்தது, மெலிந்த உடல்காரர்களிடம்தான் அதிகம். வகை பிரிக்காமல் "உணவுக்குழாய்" என்று மொத்தமாக அள்ளிப் போட்ட வரைபடங்களை நான் பார்த்திருக்கிறேன். அது பருமனோடு எதிர்த்திசையில் போகும் நோயைப் பருமன் கணக்கில் எழுதுவது. பித்தப்பைப் புற்றுநோய் அதைவிட விசித்திரம். நம் நாட்டில் அது கங்கைச் சமவெளியிலும் அசாமிலும் கொட்டிக் கிடக்கிறது, உலகிலேயே அதிகமான இடங்களில் சில அங்கேதான். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மிகக் குறைவு. பருமனோ தமிழ்நாட்டில் அதிகம், பீகாரிலும் அசாமிலும் குறைவு. பருமன் பித்தக் கற்களைக் கூட்டும், கல் புற்றுநோய்க்கு வழி விடும் என்பது சரிதான். ஆனால் இந்த இட வேறுபாட்டை விளக்குவது அது இல்லை. நாள்பட்ட டைஃபாய்டு கிருமித் தொற்று, நீரில் ஆர்சனிக், கடுகெண்ணெய்க் கலப்படம் என்று பல சந்தேகங்கள் பேசப்படுகின்றன, அவற்றுள் கல்லுக்கும் டைஃபாய்டு கிருமிக்கும் ஆதாரம் வலு, மற்றவை இன்னும் சந்தேகக் கணக்கிலேயே இருக்கின்றன.

தைராய்டு வேறு வகைப் பாடம். தென்கொரியாவில் 1993-க்கும் 2011-க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் பதினைந்து மடங்கு ஏறியது. மக்கள் பதினைந்து மடங்கு குண்டாகவில்லை. கழுத்தில் அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்ப்பது வழக்கமானது, அவ்வளவுதான். தைராய்டால் இறந்தவர்கள் எண்ணிக்கை அந்தக் காலம் முழுக்க அசையவே இல்லை. நம் ஊரில் பரிசோதனை வசதி அதிகமுள்ள பகுதிகளில் தைராய்டு ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொரியாதான் நினைவுக்கு வரும். சிறுநீரகத்திலும் இதன் சாயல் உண்டு, வேறு எதற்கோ வயிற்றை ஸ்கேன் செய்யும்போது தற்செயலாகத் தென்படும் சிறு கட்டிகள். கல்லீரலில் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களும் மதுவும் முன்னே நிற்கின்றன. கொழுப்புக் கல்லீரல் பின்னாலிருந்து வேகமாக வருகிறது என்று கல்லீரல் மருத்துவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள், நானும் அதை நம்புகிறேன்.

பெருங்குடலைப் பற்றி இரண்டு மனமாக இருக்கிறேன். நம் நகரப் பதிவேடுகளில் அது மெல்ல ஏறுகிறது, ஐயமில்லை. ஆனாலும் இன்றைக்கும் லட்சத்துக்கு ஐந்து அளவில்தான் நிற்கிறது, பணக்கார நாடுகளில் முப்பதைத் தாண்டும். பருமன்தான் காரணம் என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் ஜப்பான் குறுக்கே வந்து நிற்கிறது. பருமன் மிகக் குறைவான நாடு, பெருங்குடல் புற்றுநோயோ உலகின் உயர்ந்த விகிதங்களில் ஒன்று. உணவு, மது, புகை, உட்கார்ந்த வேலை என்று எடைக்கு வெளியேயும் பல கயிறுகள் இழுக்கின்றன. எல்லாம் கழித்து, பருமனின் கைரேகை தெளிவாகத் தெரியும் இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் கருப்பை உட்சுவரைத்தான் சொல்வேன். எண்ணிக்கை சிறியது, ஆனால் நகரப் பதிவேடுகளில் தொடர்ந்து ஏறுகிறது, தொடர்பும் வலுவானது. அங்கேயும் பிள்ளைப்பேறு குறைந்ததற்கு ஒரு பங்கு உண்டு.

அப்படியானால் மொத்தத்தில் பருமனின் பங்கு எவ்வளவு? 2015-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டார்கள். 2012-இல் உலகில் பெரியவர்களுக்கு வந்த புதிய புற்றுநோய்களில் 3.6 சதவீதம், சுமார் 4.81 லட்சம் பேர், கூடுதல் எடையால் வந்தவை. மிக உயர்ந்த வளர்ச்சி நிலையில் உள்ள நாடுகளில் இது 5.3 சதவீதம், நம்மைப் போன்ற நடுத்தர நாடுகளில் 1.6, அடிமட்டத்தில் 1. பட்டியலில் இருக்கும் உறுப்புகளின் பங்கு வேறு, பருமனால் வந்த பங்கு வேறு என்று நான் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். முன்னது நம் நாட்டுப் பெண்களின் புற்றுநோய்களில் பெரும்பகுதியை அள்ளிவிடும். பின்னது நூற்றில் ஒன்றிரண்டு.

ஆனால் இந்த 1.6-ஐப் பார்த்து நிம்மதியாகிவிடக் கூடாது. அந்தக் கணக்கில் 2012-இன் நோய்க்கு 2002-இன் எடையைப் பயன்படுத்தியிருந்தார்கள், எடை கூடிப் பத்தாண்டு கழித்துத்தான் நோய் என்ற அனுமானத்தில். 2002 வாக்கில் நாம் எங்கே இருந்தோம்? 2005-06 தேசியக் குடும்ப நல ஆய்வில் பி.எம்.ஐ. 25-உம் அதற்கு மேலும் இருந்த பெண்கள் 12.6 சதவீதம், ஆண்கள் 9.3. 2019-21-இல் பெண்கள் 24, ஆண்கள் 22.9. தமிழ்நாட்டில் பெண்கள் 40.4, ஆண்கள் 37. பதினைந்து ஆண்டில் இரண்டு மடங்கு. இது 15 முதல் 49 வயதுப் பெண்களின் கணக்கு என்பதையும் கவனியுங்கள். இவர்கள் புற்றுநோய் வரும் வயதுக்கு இன்னும் வந்து சேரவில்லை. இந்தப் பெண்கள் அறுபதைத் தொடும்போது அன்றைக்குப் பதிவேட்டில் உட்கார்ந்திருப்பவர் பார்க்கப்போகும் கோடு இன்றைய கோட்டைப் போல இருக்காது.

இன்னொரு காரணமும் உண்டு, அது பி.எம்.ஐ. என்ற அளவுகோலின் மேல் உள்ள சந்தேகம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யட்கினும் 2004-இல் தங்களையே அளந்து ஒரு படம் வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான், 22.3. உடற்கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. எங்கள் துறையில் இவ்வளவு சிக்கனமாக எதையும் யாரும் நிரூபித்து நான் பார்த்ததில்லை. நம் உடல்வாகில் எடை கூடுவதற்கு முன்பே வயிற்றில் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது, சர்க்கரையும் முந்தி வருகிறது. அதனால்தான் இந்திய மருத்துவர்கள் 23-இலேயே அதிக எடை, 25-இல் பருமன் என்று கணக்கிடுகிறார்கள். ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்த, 2023-இல் வெளியான பெரிய ஆய்வில், இந்த அளவுகோல்படி பருமன் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் 39.5. சர்க்கரை நோயில் நாம் முந்துவது உறுதியாகத் தெரியும். புற்றுநோயிலும் குறைந்த எடையிலேயே அதே ஆபத்து வருமா என்பது தர்க்கப்படி வர வேண்டும், ஆனால் நிரூபணமான விஷயமாக அதை வைக்க மாட்டேன். பெரும்பாலான ஆதாரம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுத்தது. நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வுகள் இந்தப் பக்கம் குறைவு.

எடையைக் குறைத்தால் வாய்ப்புக் குறையுமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். குறையும் என்பதற்குச் சாதகமான ஆதாரம் இருக்கிறது, ஆனால் அது எடை குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களிடமிருந்து வருவது. அமெரிக்காவில் சுமார் முப்பதாயிரம் பேரைப் பார்த்து 2022-இல் வெளியான ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பருமன் சார்ந்த புற்றுநோய்கள் 32 சதவீதம் குறைவு. குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு இல்லை அது. அறுவைக்குப் போகிறவர்களும் போகாதவர்களும் வேறு வகைகளிலும் வேறுபட்டிருக்கலாம். இழந்த எடையும் மிகப் பெரியது. நடைப்பயிற்சியில் மூன்று கிலோ குறைத்தவருக்கு அதே எண்ணை நீட்டுவது நேர்மை இல்லை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அந்த மூன்று கிலோ உதவும், அது தனிக் கதை.

இனி உங்கள் அம்மா. சராசரிகளை வைத்து ஒரு தோராயக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அவருடைய தனிப்பட்ட ஆபத்து இது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2020 தேசிய அறிக்கையின்படி இந்தியப் பெண்களில் 29 பேரில் ஒருவருக்கு 74 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும். ஆயிரம் பேர் என்றால் சுமார் 34. பி.எம்.ஐ. ஐந்து கூடுதலாக உள்ள ஆயிரம் பேரில் அது 38-ஐ எட்டும், அதுவும் எல்லா நோயும் மாதவிடாய் நின்றபின் வருவதாக வைத்துக்கொண்டால். கருப்பை உட்சுவர் ஆயிரத்தில் ஏறத்தாழ மூன்று, அது ஐந்தாகும். 59 சதவீதம் என்று கேட்டபோது பயமாக இருந்தது ஆயிரத்தில் இரண்டு பேர். 12 சதவீதம் என்று நான் அலட்சியமாகச் சொன்னது ஆயிரத்தில் நான்கு பேர். நான் மேலே அடித்துப் பேசியதற்கு இது கொஞ்சம் எதிராகவே போகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தொடர்பு மெல்லியதாக இருந்தாலும் நோய் பரவலாக இருந்தால் தலைகளின் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். என்றாலும் அந்த 38-இல் 34 எடை இல்லாமலே வந்திருக்கக்கூடியவை.

அதனால் எடையைவிட அவசரமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மாதவிடாய் முழுசாக நின்ற பெண்ணுக்கு மறுபடி உதிரம் தென்பட்டால், ஒரே ஒரு முறை, ஒரு சொட்டுக் கறை என்றாலும், அன்றைக்கே மகளிர் மருத்துவரிடம் போக வேண்டும். பெரும்பாலும் அது புற்றுநோயாக இருக்காது. புற்றுநோயாக இருந்தால், கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் தன்னை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் வழி அதுதான், அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் அறுவையிலேயே முடிந்துவிடும். "திரும்ப வந்துவிட்டது, உடம்புச் சூடு" என்று ஆறு மாதம், ஒரு வருடம் தள்ளிப்போட்ட கேஸ் ஷீட்டுகளை நான் நிறையப் புரட்டியிருக்கிறேன். சர்க்கரையும் எடையும் உள்ள உங்கள் அம்மாவிடம் இந்த ஒன்றை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். அம்மாவிடம் இதைப் பேசக் கூச்சமாக இருந்தால் அத்தை, சித்தி யாரையாவது பேசச் சொல்லுங்கள். மார்பகத்தில் கட்டி, மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை இறங்குவது என்றாலும் அப்படியே.

பரிசோதனை விஷயத்தில், வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றுக்கும் 30 முதல் 65 வயது வரை பார்க்க வேண்டும் என்று அரசு வழிகாட்டுதல் 2016 முதலே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்கலாம். 2019-21 ஆய்வில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பை வாய்ப் பரிசோதனை எப்போதாவது செய்துகொண்டவர்கள் நாடு முழுவதும் 1.9 சதவீதம், மார்பகத்துக்கு 0.9. தமிழ்நாடு 9.8, 5.6 என்று முன்னே நிற்பதையே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். கருப்பை வாய்ப் புற்றுநோய் பருமன் பட்டியலில் இல்லை, அதனால் நீங்கள் பார்த்த வரைபடத்திலும் அது இருக்காது. குறைந்துவிட்டது என்று மேலே எழுதினேன், குறைந்த பிறகும் 2022-இல் இந்தியாவில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு அது புதிதாக வந்திருக்கிறது. உங்கள் அம்மா இதுவரை அந்தப் பரிசோதனை செய்துகொண்டாரா என்று முதலில் கேளுங்கள்.